இரண்டு வீடு, ஒரே படம்

ஞாயிறு இரவு பத்தரை மணிக்குத் திருநெல்வேலிப் பேட்டையில் எங்கள் வீட்டுக் கூடத்தில் விளக்கை அணைத்துவிடுவோம். தம்பி இருப்பது ஷார்ஜாவில். அங்கே அப்போது மணி ஒன்பது. கூகுள் மீட்டில் அவன் முகம் தெரிந்ததும், "ஒண்ணு, ரெண்டு, மூணு" சொல்லி இரண்டு வீட்டிலும் ஒன்றாகப் படத்தை ஓடவிடுவோம். இடையில் மைக்கை அணைத்துவிடுவோம். பேச வேண்டுமென்றால் படத்தை நிறுத்திவிட்டுத்தான் பேச்சு.

இந்த மாதம் முழுக்க இயக்குநர் மகேந்திரன். போன வாரம் 'முள்ளும் மலரும்' (1978), இந்த வாரம் 'உதிரிப்பூக்கள்' (1979). உதிரிப்பூக்களுக்கு வித்து புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'. புதுமைப்பித்தன் படித்த இந்துக் கல்லூரி இன்று எங்கள் பேட்டையில்தான் இருக்கிறது என்பதில் எங்களுக்குத் தனிப் பெருமை.

கடைசிக் காட்சி. ஊரே ஆற்றங்கரையில் நிற்கிறது. விஜயன் நடித்த சுந்தரவடிவேலு தண்ணீரில் இறங்குகிறான். அடிதடி கிடையாது. விஜயனின் முகமும் அசோக்குமாரின் கேமராவும் இளையராஜாவின் இசையும் போதும். அத்தனை கொடுமை செய்தவன் போகும்போதும் நெஞ்சு கனக்கிறது. அவன் பிள்ளைகளை நினைத்து இன்னும் கனக்கிறது.

"ஏல, கொஞ்சம் நிப்பாட்டுல, கண்ணத் தொடச்சிக்கிடுதேன்" என்றாள் அம்மா. மைக்கைப் போட்டால், அந்தப் பக்கம் தம்பியும் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தான்.

நல்ல படத்தைத் தனியாகப் பார்க்காதீர்கள். தூரத்தில் இருக்கும் உங்கள் ஆளையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள்.