அநாதை என்னும் பெயர்

ஜப்பானிய ஆட்சியிலிருந்த தைவான் தீவில், 1943-ஆம் ஆண்டு முதல் 1945 வரை, வூ சுவோலியூ என்னும் எழுத்தாளர் ஒரு நாவலை மறைவாக எழுதிவந்தார். எழுதிய தாள்களைச் சமையலறைக் கரிக்கூடையின் அடியில் ஒளித்துவைத்து, சிறிது சேர்ந்ததும் தம் ஊருக்கு அனுப்பிவிடுவாராம். 'ஆசியாவின் அநாதை' என்று உலகம் இன்று அறிந்திருப்பது அந்நூலே. தைவானின் நிலையைப் பேசப் புகுவோர் பலரும் இப்பெயரை எடுத்தாளுதல் வழக்கமாகிவிட்டது. அது பொருந்துமா என்பதையே நாம் ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

கதாநாயகன் ஹூ தைமிங் சீனப் பண்டிதரிடம் பழைய கல்வி பயின்று, பின் ஜப்பானியப் பள்ளியில் தேறி ஆசிரியனாகிறான். உடன் பணிபுரியும் ஜப்பானியப் பெண்ணை விரும்ப, அவள் இன வேற்றுமையைக் காட்டி மறுக்கிறாள். தோக்கியோ சென்றால், தைவானியன் என்பதை மறைத்துக்கொள் என்று நண்பன் எச்சரிக்கிறான். சீன மாணவர் கூட்டமொன்றில் உண்மையைச் சொல்லிவிடவே, ஒற்றன் என்று தூற்றப்படுகிறான். பின்னர் நான்கிங் சென்று மணம் புரிந்து வாழ்கையிலும் அதே ஐயத்தின் பேரில் சிறைப்படுகிறான். தப்பி ஊர் திரும்பினால், ஜப்பானியப் போலீசார் நிழல்போல் தொடர்கின்றனர்!

பின்பு போர்க்காலத்தில் ஜப்பானியப் படையோடு தென்சீனத்துக்கு அனுப்பப்பட்டு, சீன இளைஞர் கொல்லப்படுவதைக் காணச் சகியாமல் நோயுறும் பகுதியே நூலின் உயிர்நிலை என்போம். 1942 முதல் 1945 வரை ஜப்பானியருக்கு மொழிபெயர்ப்பாளராய் வந்த தைவானியரைச் சிங்கப்பூரும் கண்டதுண்டு. அவர்களை மக்கள் அஞ்சினர், வெறுத்தனர். அவ்வெறுப்புக்குக் காரணமும் இருந்தது. எனினும் அச்சீருடைக்குள் ஒரு தைமிங்கும் இருந்திருக்கக் கூடும் என்று நினைக்கச் செய்கிறது இந்நூல்.

நிற்க. அநாதை யார்? எவரும் உரிமை கொண்டாடாத பிள்ளையன்றோ? இத்தீவுக்கோ உரிமை கொண்டாடுவோர் மிகுதி. 1895-இல் சீனப் பேரரசு இதனை ஜப்பானுக்குக் கொடுத்தது. 1945-இல் சீனக் குடியரசு பெற்றுக்கொண்டது. 1971-இல் ஐக்கிய நாடுகள் சபை 2758-ஆம் தீர்மானத்தால் சியாங் காய்-ஷேக்கின் பிரதிநிதிகளை நீக்கிப் பீக்கிங் அரசை ஏற்றது. அத்தீர்மானத்தில் தைவான் என்ற சொல்லே இல்லை. மும்முறையும் தீவினரை ஒரு வார்த்தை கேட்டாரில்லை. சியாங்கின் அரசோ முழுச் சீனத்துக்கும் தானே அரசு என்று கூறிக்கொண்டு, 1949 முதல் தீவைப் படைச்சட்டத்தின் கீழ் வைத்தது. அது நீங்கியது 1987-இல். மக்கள் நேரே வாக்களித்துத் தலைவரைத் தேர்ந்தது 1996-இல். ஆகவே, பெற்றோர் இல்லாமை இத்தீவின் துன்பமன்று. கேட்பார் இல்லாமையே துன்பம்.

பெயர் விஷயம் இன்னும் வேடிக்கை. 1946-இல் வெளிவந்த முதற்பதிப்பில் கதாநாயகன் பெயர் ஹூ சிமிங். வியட்நாம் தலைவர் ஹோ சி மின்னின் பெயரும் அதே சீன எழுத்துக்களால் எழுதப்படுவதால், பின்னர் மாற்றவேண்டியதாயிற்று. தீவின் விளையாட்டு வீரர்களும் 1984 முதல் ஒலிம்பிக் பந்தயங்களில் 'சீன தைப்பே' என்ற பெயராலேயே நுழைகின்றனர். 2024-இன் தொடக்கத்தில் தைப்பே அரசை முறைப்படி ஏற்றிருந்த நாடுகள் பன்னிரண்டே.

நூலில் குறையும் உண்டு. தைமிங் தானே எதையும் செய்வது அரிது. ஒவ்வோரிடத்தும் பிறர் தள்ள நகர்கிறான். பெண்களோ அவன் ஏமாற்றத்துக்குக் கருவிகளாகவே வருகின்றனர். சீனர் குடியேறுமுன்பே தீவில் வாழ்ந்த பழங்குடிகளுக்குக் கதையின் நடுவில் இடமே இல்லை. அவர்களை எத்தாயின் அநாதை என்பது?

இறுதியில், கட்டாய உழைப்பில் நலிந்து தம்பி மாள, தைமிங் சித்தம் கலங்கி மறைந்துவிடுகிறான். படகேறி எதிர்க்கரை போனான் என்பர் சிலர். குன்மிங் வானொலியில் அவன் குரல் கேட்டதென்பர் வேறு சிலர். அவன் சீனத் தாயை அடைந்துவிட்டான் என்று முடிவு கட்டும் விமர்சகர்களும் உளர். ஆசிரியர் எழுதியிருப்பதோ வதந்தி என்று மட்டுமே.