ஆம்பூருக்கு நாலு வரி

பத்தாம் வகுப்பு சமூக அறிவியல் புத்தகத்தைப் பரீட்சை பயம் இல்லாமல் ஒரு தடவை படித்துப் பாருங்கள். 2019-ல் வெளிவந்த புத்தகத்தைச் சொல்கிறேன். நம் காலத்து சாணித்தாள் சமாசாரம் இல்லை. வழவழப்பான தாள், கலர் படம், பாடத்துக்குப் பாடம் கியூஆர் கோடு. செல்போனைக் காட்டினால் வீடியோ ஓடும். அரசியலமைப்பும் பொருளாதாரமும் இதைவிட வறட்சியாக எழுதப்பட்ட காலம் உண்டு. எழுதியவர்களுக்கு முதலில் ஒரு சபாஷ். இனி திட்டலாம்.

பொருளாதாரப் பகுதியின் கடைசிப் பாடம் தமிழ்நாட்டின் தொழில் தொகுப்புகள் பற்றியது. அதில் தோலுக்கு ஒரு பத்தி. இந்தியாவின் தோல் பதனிடும் திறனில் 60 சதவீதம் தமிழ்நாட்டில். காலணி, தோல் ஆடை, உதிரிப் பாகங்களில் 38 சதவீதம். வேலூரைச் சுற்றி ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடியில் நூற்றுக்கணக்கான டேனரிகள். வேலூர் மாவட்டம் ஏற்றுமதியில் முதலிடம். அவ்வளவுதான். நாலு வரி தாண்டினால் அடுத்த ஊர், அடுத்த தொழில். (புத்தகம் அச்சான அதே வருஷம் நவம்பரில் மாவட்டத்தை மூன்றாக வெட்டி, ஆம்பூரையும் வாணியம்பாடியையும் திருப்பத்தூர் மாவட்டத்தில் போட்டுவிட்டார்கள் என்பது வேறு விஷயம்.)

இந்த நாலு வரியைத் திருநெல்வேலி மாணவன் படித்தால் சரி, ஒரு மார்க் கேள்விக்கு உதவும். ஆம்பூரில் ஷூ கம்பெனிக்கு அம்மாவும் டேனரிக்கு அப்பாவும் போகிற வீட்டுப் பெண் படித்தால்? அவள் ஊரைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததில் பாதிகூட அதில் இல்லை. பாலாறு இல்லை. கிணற்றுத் தண்ணீர் இல்லை. ஏற்றுமதி மட்டும் இருக்கிறது.

தமாஷ் என்னவென்றால், அதே பொருளாதாரப் பகுதியின் முதல் பாடம் மொத்த உள்நாட்டு உற்பத்தி பற்றியது. மக்கள் எப்படிப்பட்ட வாழ்க்கை வாழ்கிறார்கள் என்பதை ஜிடிபி சொல்லாது என்று அதில் அழகாக விளக்குகிறார்கள். ஐந்தாம் பாடத்துக்கு வரும்போது முதல் பாடம் மறந்துபோகிறது. அல்லது இரண்டையும் எழுதியவர்கள் பேசிக்கொள்ளவில்லை.

இன்னும் பெரிய கூத்து குடிமையியலில். அரசியலமைப்புப் பாடத்தில் பிரிவு 32 வருகிறது. அடிப்படை உரிமை பறிபோனால் நேராக உச்ச நீதிமன்றத்துக்கே போகலாம் என்கிற பிரிவு. அம்பேத்கர் இதை அரசியலமைப்பின் இதயம், ஆன்மா என்றார். பிறகு ஐந்து பேராணைகள்: ஆட்கொணர், கட்டளையுறுத்தும், தடையுறுத்தும் என்று வரிசையாக. நாக்கு சுளுக்கும். பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிப்பார்கள்.

இந்தப் பிரிவு 32-ஐ வைத்து இந்தியாவில் நடந்த மிகப் பிரபலமான சுற்றுச்சூழல் வழக்குகளில் ஒன்று எந்த ஊருடையது தெரியுமா? 1991-ல் வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம் என்ற அமைப்பு போட்ட வழக்கு. டேனரிக் கழிவு பாலாற்றையும் நிலத்தடி நீரையும் பாழாக்குகிறது என்பது புகார். 1996 ஆகஸ்ட் 28-ம் தேதி நீதிபதி குல்தீப் சிங் அமர்வு தீர்ப்புச் சொன்னது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும், ஆபத்து முழுசாக நிரூபணமாகும்வரை காத்திருக்காமல் முன்னெச்சரிக்கை எடுக்க வேண்டும் என்ற இரண்டு கோட்பாடுகளும் இந்தியச் சட்டத்தின் பகுதிதான் என்று அறிவித்தது அந்தத் தீர்ப்பு. ஐந்து மாவட்டங்களின் டேனரிகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம். சுற்றுச்சூழல் சட்டம் படிக்கிற எவரும் இதைத் தாண்டிப் போக முடியாது. வெளிநாட்டுச் சட்டக் கல்லூரிகளிலும் 'வேலூர்' என்றால் இந்த வழக்குதான் ஞாபகம் வரும், கோட்டையோ சி.எம்.சி.யோ அப்புறம்தான். ஆம்பூர்ப் பத்தாவது மாணவிக்கு மட்டும் பிரிவு 32 தனி, பாலாறு தனி, தோல் தனி.

அந்தத் தீர்ப்பில் தோல் தொழிலின் பெருமையும் இருக்கிறது. அந்நியச் செலாவணி, வேலைவாய்ப்பு எல்லாம் ஒப்புக்கொண்டு, உடனே ஓர் 'ஆனாலும்' போடுகிறார்கள். பாடப்புத்தகம் 'ஆனாலும்' வருவதற்கு முன்னாலேயே முற்றுப்புள்ளி வைத்துவிட்டது.

கதை அங்கேயும் முடியவில்லை. இழப்பைக் கணக்கிட அமைத்த ஆணையம் 2001-ல் 29 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குச் சுமார் 26 கோடி ரூபாய் நஷ்டஈடு என்றது. அதன்பின் பாக்கி, மேல்முறையீடு, இன்னொரு வழக்கு. 2025 ஜனவரி 30-ல் உச்ச நீதிமன்றம் மறுபடி தலையிட்டு, பாக்கியை அரசே கொடுத்துவிட்டு மாசுபடுத்தியவர்களிடம் வசூலிக்கட்டும், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு போடுங்கள் என்றது. வழக்கை முடித்துவிடாமல், கட்டளையுறுத்தும் பேராணையைத் தொடர்ந்து கையில் வைத்துக்கொண்டது. ஆமாம், அதே பேராணைதான். மாணவி மனப்பாடம் செய்த லிஸ்ட்டில் இருப்பது.

'சார், பதினஞ்சு வயசுப் பிள்ளைக்கு கோர்ட்டு கேஸெல்லாம் எதுக்கு?' என்பீர்கள். 'வேலை கொடுக்கிற தொழிலைப் பற்றித் தப்பாகச் சொல்லிக்கொடுப்பதா?' என்று ஆம்பூரிலேயே கேட்பார்கள். நியாயமான கேள்வி. சம்பளமும் டேனரியிலிருந்து வருகிறது, கிணற்றில் உப்பும் டேனரியிலிருந்து வருகிறது. ஒரே வீட்டுக்குள் இரண்டும். இதைவிடப் பொருளாதாரம் எதில் இருக்கிறது? தொழில் வேண்டாம் என்று யாரும் சொல்லச் சொல்லவில்லை. கணக்கைச் சொல்லிக்கொடுங்கள் என்கிறேன்.

உதாரணத்துக்கு உப்பு. பச்சைத் தோல் அழுகாமலிருக்க உப்பு போடுகிறார்கள். பதனிடும் முன் தோலைக் கழுவினால் அந்த உப்பெல்லாம் தண்ணீரில். சாதாரணச் சுத்திகரிப்பில் கரைந்த உப்பு போகாது. அதற்கு ஆர்.ஓ. வேண்டும், ஆவியாக்க வேண்டும், கரன்ட் பில் எகிறும். கடைசியில் மிஞ்சுகிற உப்பை எங்கே கொட்டுவது? சின்ன டேனரி தனியாக இதைச் செய்ய முடியாதென்றுதான் வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. செலவை யார் ஏற்பது? ஷூ வாங்குகிற ஐரோப்பியரா, டேனரி முதலாளியா, அரசாங்கமா, தென்னை பட்டுப்போன விவசாயியா? ஒரு பீரியட் முழுக்க இதைப் பேசலாம். யாரும் தூங்க மாட்டார்கள்.

உலகமயமாக்கல் பாடத்தில் காட் ஒப்பந்தம் 1947, 23 நாடுகள், உலக வர்த்தக அமைப்பு 1995 என்று தேதிகள் கொட்டிக் கிடக்கின்றன. தோல் ஊர்களுக்கு வேறு தேதிகள் உண்டு. 1973-ல் அரசாங்கம் அரைகுறையாகப் பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்குக் கோட்டா வைத்தது. தொழில் முழுத் தோலுக்கும் ஷூவுக்கும் திரும்பியது. 1989-ல் ஜெர்மனி, தோலில் பூஞ்சை பிடிக்காமல் போடுகிற பிசிபி ரசாயனத்தைத் தடை செய்தது. அங்கே போட்ட சட்டத்துக்கு இங்கே வாணியம்பாடியில் தொட்டி கழுவினார்கள். 2025 ஆகஸ்ட் 27-ல் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு வரியை 50 சதவீதமாக்கியபோது ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் ஆர்டர் நிற்குமோ என்ற கவலை. உலகமயமாக்கல் என்ற வார்த்தையே அங்கே தேவைப்படவில்லை.

இப்போது வீடியோவுக்கு வருகிறேன். கல்வி டிவி 2019 ஆகஸ்டில் ஆரம்பமானது. கொரோனாவில் பள்ளிகள் மூடியதும், 2020 ஜூலையிலிருந்து வகுப்பறையே அதுதான் என்றாகிவிட்டது. அந்த அவசரத்தில் ஆசிரியர்கள் கேமரா முன் நின்று செய்ததைக் குறை சொல்ல மனசு வராது. ஒரே செல்போனை அப்பா டேனரிக்கு எடுத்துப் போய்விட்டால் ராத்திரிதான் பாடம் என்ற வீடுகளுக்கு டிவி நிஜமாகவே உதவி. ஆனால் டிவியிடம் கை தூக்கிச் சந்தேகம் கேட்க முடியாது. ஆம்பூர் சர்க்கார் பள்ளியில் ஒரு நல்ல டீச்சர் இருந்தால், அந்த நாலு வரியைப் படித்துவிட்டு, 'உங்க வீட்டுல யாரெல்லாம் கம்பெனிக்குப் போறாங்க?' என்று கேட்டிருப்பார். பாடம் அங்கேதான் தொடங்கும். திரையில் வருகிறவர் சென்னையிலிருந்து எல்லா ஊருக்கும் ஒரே குரலில் பேச வேண்டியிருக்கிறது.

என் ஆதங்கம் இதுதான்: அச்சுப் புத்தகம் மாநிலம் முழுக்க ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் புரிகிறது. வீடியோவுக்கு அந்தக் கட்டாயம் கிடையாதே! அதே கியூஆர் கோட்டைத் தட்டினால் ஆம்பூருக்கு டேனரி, திருப்பூருக்குச் சாயப்பட்டறை, சிவகாசிக்குப் பட்டாசு என்று பத்து நிமிஷம் தனித்தனியாக வைக்கலாம். எடுக்கப் பெரிய செலவும் இல்லை. உள்ளூர் டீச்சரும் ஒரு செல்போனும் போதும். கிடைத்த வசதியை வைத்துக்கொண்டு புத்தகத்தையே இன்னொரு தடவை சத்தமாகப் படித்துக் காட்டுகிறோம்.

பரீட்சையைச் சொல்வீர்கள். கேள்வித்தாள் மாநிலத்துக்கே ஒன்று, ஆம்பூருக்கென்று தனியாக எப்படிக் கேட்பது என்று. கேட்கலாம். 'உங்கள் ஊரின் முக்கியத் தொழில் எது? அதன் லாபம் யாருக்கு, நஷ்டம் யாருக்கு?' ஐந்து மதிப்பெண். கோனார் நோட்ஸில் விடை இருக்காது.