ரகசியம் யாருடைய சொத்து? சாத்தூர் ரத்தத்தை முன்வைத்து

2018 டிசம்பர் 3 அன்று சாத்தூர் அரசு மருத்துவமனையில் ரத்தசோகையோடு வந்த ஒரு கர்ப்பிணிப் பெண்ணுக்கு ரத்தம் ஏற்றினார்கள். சிவகாசி அரசு மருத்துவமனை ரத்த வங்கியிலிருந்து வந்த அந்த ரத்தத்தில் எச்.ஐ.வி. இருந்தது. நவம்பர் 30இல் ஓர் இளைஞர் தம் உறவுக்காரப் பெண்ணுக்காகக் கொடுத்தது அது. அங்கே தேவைப்படாமல் சாத்தூருக்குப் போயிற்று. இதுபற்றி அன்று எழுதப்பட்டவை பெரும்பாலும் 'அலட்சியம்' என்ற ஒற்றைச் சொல்லோடு முடிந்துபோயின. அலட்சியம்தான், யார் இல்லை என்றது? ஆனால் அந்தச் சொல் இன்னொரு கேள்வியை மூடி வைத்துவிட்டது. ஒருவரின் உடல் பற்றிய தகவல் யாருக்குச் சொந்தம்?

அந்த இளைஞர் 2016இலேயே ஒரு முகாமில் ரத்தம் கொடுத்திருக்கிறார். தொற்று இருப்பது அப்போதே பரிசோதனையில் தெரிந்துவிட்டது. பதிவேட்டுக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. இரண்டு வருஷம் கழித்து வெளிநாட்டு வேலைக்காகச் செய்துகொண்ட சோதனையில்தான் அவருக்குத் தெரியவருகிறது. தெரிந்ததும் என்ன செய்தார்? ஓடி ஒளியவில்லை. தாமே முன்வந்து ரத்த வங்கிக்குத் தெரிவித்தார். அதற்குள் ரத்தம் ஏற்றப்பட்டிருந்தது. விஷயம் செய்தியான அதே வாரத்தில் தற்கொலைக்கு முயன்றார். டிசம்பர் 30 அன்று மதுரை அரசு மருத்துவமனையில் இறந்தார்.

இந்த விவகாரம் முழுவதிலும் நோயாளி ஒருவர் தம் தகவலைத் தாமே விரும்பிப் பகிர்ந்துகொண்ட தருணம் அது ஒன்றுதான். மற்றதெல்லாம் அவரைப் பற்றி மற்றவர்கள் வைத்திருந்த, தொலைத்த, வெளியே விட்ட தகவல்கள்.

நம் தோழர்களில் சிலர் கேட்டார்கள்: "ரகசியம் ரகசியம்னு பூட்டி வச்சதாலதானே இவ்வளவும்? 2016லயே வெளிய சொல்லியிருந்தா அந்தப் பொண்ணு தப்பிச்சிருக்குமே?" நியாயமான கோபம். ஆனால் கணக்கு தப்பு. 2016இல் காப்பாற்றப்பட்டது ரகசியம் அல்ல. உரியவரிடமிருந்தே அவருடைய தகவல் மறைந்துபோனதை ரகசியம் என்று எப்படிச் சொல்வது? அவருக்கு ஒரு வார்த்தை போய்ச் சேர்ந்திருந்தால் போதும், ஊருக்குச் சொல்ல வேண்டியதே இல்லை. தவிர, 2018இல் கொடுத்த ரத்தத்தை வழக்கமான சோதனை பிடித்திருக்க வேண்டும். அந்தத் தவறைக் கொடுத்தவரின் தலையில் கட்டக்கூடாது.

ரத்ததானப் படிவத்தில் ஒரு கேள்வி உண்டு: பரிசோதனையில் ஏதாவது கோளாறு தெரிந்தால், நீங்கள் கொடுத்த முகவரிக்குத் தெரிவிக்கலாமா? ஆம், இல்லை என்று டிக் அடிக்க வேண்டும். தேர்வு என்பது இவ்வளவுதான். அந்த முகவரிக்குப் போகும் கடிதத்தை வீட்டில் முதலில் பிரிப்பவர் யார், படித்துச் சொல்பவர் யார் என்று படிவத்துக்குக் கவலையில்லை. முகாமில் வரிசையாக நிற்கும் பையன்கள் படித்துப் பார்த்தா டிக் அடிக்கிறார்கள்? ஒப்புதல் என்பது நிறுவனம் தன்னைக் காத்துக்கொள்ள வாங்கி வைக்கும் கையெழுத்தாகச் சுருங்கிவிட்டது.

நீதிமன்றத்துக்கும் இது புதிதல்ல. 1995இல் சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில் உறவினருக்காக ரத்தம் கொடுக்க வந்தவருக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்து, அது வெளியே போய், அவருடைய கல்யாணம் நின்றது. 'மிஸ்டர் எக்ஸ்' என்று பெயர் மறைத்து நடந்த அந்த வழக்கில், மருத்துவ ரகசியம் முழுமையான உரிமை அல்ல, மணப்பெண்ணின் உயிர் பெரிது என்றது உச்சநீதிமன்றம் (1998). அவருக்குத் திருமண உரிமையே கிடையாது என்ற பாணியில் சொன்னதை 2002இல் தேவையற்றதென்று ஒதுக்கியது. மணப்பெண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதில் நமக்கு மறுப்பில்லை. ஆனால் தராசில் வைக்கப்பட்டவை இரண்டே: ஒருவர் மறைப்பது, மற்றவர்கள் வெளிப்படுத்துவது. அவரே சொல்வதற்கான சூழல் என்ற மூன்றாவது பொருளுக்குத் தட்டு இல்லை.

எச்.ஐ.வி. சட்டம் 2017இல் வந்தது. சம்மதமின்றி ஒருவருடைய தொற்று நிலையை வெளியிடக்கூடாது என்கிறது. 2018 செப்டம்பர் 10இல் நடைமுறைக்கு வந்தது. சாத்தூர் நடந்தபோது அதற்கு மூன்று மாதம்கூட ஆகவில்லை. பத்திரிகைகள் பெயரை விட்டுவிட்டு ஊரையும் வயதையும் போட்டன. சென்னையில் வேண்டுமானால் அது மறைப்பு. சாத்தூர், சிவகாசிப் பக்கம் ஊரைச் சொன்னாலே ஆளைச் சொன்ன மாதிரி. எச்.ஐ.வி. ஆலோசனை அறைக்கு 'நம்பிக்கை மையம்' என்று அழகாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். அதன் வாசலில் நிற்பதைத் தெரிந்தவர் ஒருவர் பார்த்தால் போதும். "யார்ட்டயும் சொல்லிப்புடாதீக" என்று சொல்லக்கூட இடமிருக்காது. பயர் ஆபீஸில் அட்வான்ஸ் வாங்கி வேலை செய்கிறவருக்கு, காசநோயோ கருச்சிதைவோ போர்மேன் காதுக்குப் போவது வெறும் அந்தரங்கப் பிரச்சினை அல்ல, மறுநாள் கூலிப் பிரச்சினை. அந்தரங்கம் நடுத்தர வர்க்கத்துச் சொகுசு என்று பேசுவோர் இதை யோசிக்க வேண்டும்.

மருத்துவப் பார்வை உடலை வாசிக்கத்தக்க பிரதியாக ஆக்கியதை ஃபூக்கோ எழுதிக்காட்டினார். அந்தப் பிரதியின் படி நோயாளிக்கு எப்போது கிடைக்கும் என்பது நம் ஊர்க் கேள்வி. 2021 செப்டம்பரில் நாடு முழுக்கத் தொடங்கிய டிஜிட்டல் சுகாதார இயக்கம், 14 இலக்க எண் தந்து, யாருக்கு எவ்வளவு காலம் காட்டலாம் என்பதை நீங்களே தீர்மானிக்கலாம், பிறகு ரத்தும் செய்யலாம் என்கிறது. காகிதத்தில் நல்ல ஏற்பாடு. ஓடிபி வருகிற ஒரே போன் மகன் கையிலோ புருஷன் கையிலோ இருக்கிற வீட்டில் தீர்மானிப்பது யார்? 'ஆம்' என்று அழுத்தாவிட்டால் சீட்டு கிடைக்காது என்று கவுண்டரில் சொன்னால், அதற்குப் பெயர் தேர்வா?

2019இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. அவசியமானது. ஆனால் உண்மையைச் சொல்ல வந்த ஒருவரை எப்படி எதிர்கொள்வது என்று நாம் இன்னும் கற்கவில்லை. பூட்டு பற்றியே பேசுகிறோம், சட்டம் போடுகிறோம், மென்பொருள் எழுதுகிறோம். சொன்னவர் மறுநாளும் அதே தெருவில் நடக்கலாம், அதே வேலைக்குப் போகலாம் என்றிருந்தால்தான் சொல்வதா வேண்டாமா என்பது தேர்வாகும். அதுவரை நோயாளியின் முன்னால் இருப்பவை இரண்டுதான்: வாயை மூடிக்கொள்வது, அல்லது அந்த இளைஞரைப் போலச் சொல்லிவிட்டுத் தனியாக நிற்பது.