ஒரு கை பார்க்கும் இடமா பிளைண்ட்?

2003 மே மாதம். லாஸ் வேகாஸ் நகரின் பினியன்ஸ் ஹார்ஸ்ஷூ சூதாட்ட விடுதி. வேர்ல்ட் சீரிஸ் ஆஃப் போக்கரின் முதன்மைப் போட்டிக்கு நுழைவுக் கட்டணம் 10,000 டாலர். ஆட வந்த 839 பேரில் இருவர்தான் மிச்சம். ஒருவர் சாம் ஃபர்ஹா, சீட்டே தொழிலாக வாழ்பவர். எதிரே டென்னஸியில் கணக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்த கிறிஸ் மணிமேக்கர். 86 டாலர் இணையத் தகுதிச் சுற்றில் ஜெயித்து அந்த மேசைக்கு வந்தவர்.

கடைசி ஆட்டத்தில் ஃபர்ஹாவிடம் ஜாக்-10. தொகையை ஏற்றினார். சீட்டைப் பார்க்கும் முன்பே கட்டாயப் பணம் வைக்கும் பிக் பிளைண்டில் இருந்த மணிமேக்கரிடம் 5-4, அதுவும் வெவ்வேறு இனம். ரம்மி மேசையில் இப்படி வந்தால் நம் ஆட்கள் உதட்டைப் பிதுக்குவார்கள். மணிமேக்கர் ஏற்றிய தொகைக்குச் சமமாக வைத்து கால் செய்தார். முதல் மூன்று பொதுச் சீட்டான ஃபிளாப்பில் ஜாக்-5-4. ஃபர்ஹாவுக்குப் பெரிய ஜோடி, மணிமேக்கருக்கு இரண்டு ஜோடி. இருப்பதெல்லாம் நடுவில் போனது. நான்காவது சீட்டான டர்னில் 8, கடைசிச் சீட்டான ரிவரில் இன்னொரு 5. மணிமேக்கருக்கு 25 லட்சம் டாலர்.

அதே மோதலில் அவர் ஒன்றுமில்லாத கையை வைத்துக்கொண்டு ஃபர்ஹாவை விரட்டிய பிளஃப்பைப் பற்றி இருபது வருடமாக எழுதித் தீர்த்துவிட்டார்கள். எனக்கு அதைவிட இந்த 5-4 மேல்தான் கண். அந்தக் கால் சரியா?

பிளைண்டில் எந்தக் கையை ஆடுவது என்பதில் முதல் குழப்பம் வார்த்தையிலேயே இருக்கிறது. 'பிளைண்டைக் காப்பாற்றுவது' என்கிறார்கள். சீட்டைப் பார்க்கும் முன்பே வைத்த பணத்தில் காப்பாற்ற என்ன இருக்கிறது? அது நடுவில் விழுந்த நொடியே நம்முடையது இல்லை. ஆனாலும் அது நமக்கு ஒரு காரியம் செய்திருக்கிறது: அடுத்த அடியின் விலையைக் குறைத்திருக்கிறது.

ஸ்மால் பிளைண்ட் 50, பிக் பிளைண்ட் 100 என்று வைத்துக்கொள்வோம். ஃபிளாப்புக்குப் பிறகு கடைசியில் பேசும் பட்டனில் இருப்பவர் 250 ஆக ஏற்றுகிறார், ஸ்மால் பிளைண்ட் கவிழ்த்துவிடுகிறார். நடுவில் 400 கிடக்கிறது. பிக் பிளைண்ட் இன்னும் 150 போட்டால் போதும், மொத்தம் 550 ஆகும். பதினொரு தடவையில் மூன்று தடவை ஜெயித்தாலே போட்ட 150 திரும்பிவிடும். எதிராளி 200 மட்டும் வைத்தால் ஒன்பதில் இரண்டு போதும். இன்றைய போட்டிகள் பலவற்றில் மேசைக்கான ஆன்டி என்ற கூடுதல் கட்டாயப் பணத்தையும் பிக் பிளைண்டே கட்டுவதால் நடுவில் இன்னும் 100 சேர்ந்து, விலை மேலும் சரிகிறது.

ரம்மி ஆடியவர்களுக்கு இதை எளிதாகச் சொல்லலாம். முதல் டிராப்புக்கு 20 புள்ளி. மோசமான கையை ஆடி சராசரியாக 15 புள்ளிதான் போகும் என்றால் டிராப் செய்பவர் முட்டாள். பிக் பிளைண்டில் கவிழ்த்தால் 100 போயிற்று. ஒரு கை நெடுங்கணக்கில் 80 நஷ்டம் தந்தால்கூட அதை ஆடுவதில் 20 லாபம். இங்கே ஜெயிப்பது என்பதே குறைவாகத் தோற்பதுதான். கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தார் 2015 ஜனவரியில் வெளியிட்ட செஃபியஸ் நிரல் இதை எண்ணாகவே காட்டியது. பந்தய அளவு நிர்ணயித்து இருவர் ஆடும் லிமிட் ஹோல்டெம் போக்கரில், இரு பக்கமும் பிசகே இல்லாமல் ஆடினாலும் பிக் பிளைண்ட் கைக்கு ஏறக்குறைய 9 சிப் இழந்துகொண்டேயிருக்கும் (100 சிப் பிளைண்டுக்கு). அந்த இடத்திலிருந்து மனிதர்களில் பெரும்பாலோரைவிட அதிகமான கைகளை அது ஆடியது என்பதும் கவனிக்க வேண்டியது. அதோடு 3-3 போன்ற சின்ன ஜோடியை வைத்து மேலே ஏற்றுவதிலும் மனிதர்களைவிட அதற்கு ஆர்வம் அதிகம். நம்மவர்கள் இரண்டையும் தலைகீழாகச் செய்கிறார்கள்.

அப்படியானால் எல்லாக் குப்பையையும் ஆடலாமா? கணக்கின் சிக்கலான இடம் இதுதான். 7-2தான் ஹோல்டெமின் தரித்திரக் கை என்பார்கள். அதைக்கூட ஏஸ்-கிங் எதிரே வைத்து ஐந்து பொதுச் சீட்டையும் திறந்தால் மூன்றில் ஒரு தடவை ஜெயிக்கும். தேவையோ பதினொன்றில் மூன்றுதான். காகிதத்தில் கால் சரி. மேசையில் தப்பு. ஏனென்றால் ஐந்து சீட்டையும் பார்க்க யாரும் விடப்போவதில்லை. ஜோடியில்லாத எந்தக் கையும் ஃபிளாப்பில் ஒரு ஜோடியாவது பிடிப்பது மூன்றுக்கு ஒரு தடவைதான். மற்ற இரண்டு தடவையும் எதிராளி பந்தயம் கட்டுவார், நாம் போய்விடுவோம், நம் பங்குக்கு இருந்த வாய்ப்பும் கூடவே போய்விடும். பிளைண்டில் இருப்பவர் ஃபிளாப்புக்குப் பிறகு முதலில் வாய் திறக்க வேண்டியவர் என்பதால் இந்த நஷ்டம் இன்னும் கூடுகிறது.

ஆகவே, கை எவ்வளவு தடவை ஜெயிக்கும் என்பதைவிட, ஃபிளாப்புக்குப் பிறகு எவ்வளவு தூரம் கூட வரும் என்றே கேட்க வேண்டும். ஒரே இனம் என்பதன் மதிப்பு இதில்தான் இருக்கிறது. கடைசிவரை திறந்து பார்த்தால் அது தரும் கூடுதல் வெற்றி வெறும் மூன்று சதவீதச் சொச்சம். ஆனால் ஒன்பது ஃபிளாப்பில் ஒன்றில் ஐந்தும் ஒரே இனமாகும் ஃபிளஷுக்கு ஒரே ஒரு சீட்டு பாக்கி என்ற நிலை வரும். அப்போது பந்தயத்துக்குப் பயந்து ஓட வேண்டியதில்லை. அதனால்தான் ஒரே இனத்து 7-6, வெவ்வேறு இனத்து கிங்-4ஐவிட நல்ல சரக்கு. புதியவர் கிங்கைக் கண்டதும் மயங்கிவிடுகிறார்.

யார் ஏற்றினார் என்பதைப் பார்க்காமல் இந்தப் பேச்சுக்கே அர்த்தமில்லை. முழு மேசையில் முதலில் பேச வேண்டியவர் ஏற்றுகிறார் என்றால் பின்னால் அத்தனை பேர் இருந்தும் துணிந்திருக்கிறார். அவரிடம் ஏஸ்-கிங், ஏஸ்-குயின், பெரிய ஜோடி இருக்கும். அங்கே வெவ்வேறு இனத்து ஏஸ்-8 கண்ணி. ஏஸ்-கிங் எதிரே அது ஜெயிப்பது ஏறக்குறைய நான்கில் ஒன்று. ஏஸ் விழுந்தால்தான் பெரிய இழப்பே. ஒரே இனத்து 7-6 அதே ஏஸ்-கிங் எதிரே பத்துக்கு நான்கு. பட்டனில் இருப்பவர் ஏற்றும்போதோ கதை மாறும். அவர் பாதிக் குப்பையோடுதான் வருவார், நம் ஏஸ்-8க்கு அங்கே மரியாதை உண்டு.

ஸ்மால் பிளைண்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். பக்கத்து நாற்காலிதான், ஆனால் விதி வேறு. அதே 250க்கு இவர் 200 போட வேண்டும். மூன்றில் ஒன்று ஜெயிக்க வேண்டும். பின்னால் பிக் பிளைண்ட் வேறு காத்திருக்கிறார். பாதிப் பணம் உள்ளே இருக்கிறதே என்று கால் செய்வது கெட்ட பழக்கம். ஏற்று, இல்லாவிட்டால் கவிழ். ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொன்ன ஊர் நம்முடையது. எல்லாரும் கவிழ்த்து, அவரும் பிக் பிளைண்டும் மட்டும் மிஞ்சினால் விலக்கு உண்டு. 2019இல் தொழில்முறை ஆட்டக்காரர்களை ஆறு பேர் மேசையில் வென்ற புளூரிபஸ் நிரல், ஏற்றாமல் சும்மா கால் செய்து நுழைவதைத் தனக்குத்தானே ஆடிப் பழகும்போதே படிப்படியாகக் கைவிட்டது. அந்த நுழைவு பிசகாகாத ஒரே இடம் ஸ்மால் பிளைண்ட்.

மணிமேக்கரின் 5-4க்கு வருவோம். ஒன்பது பேர் மேசையில், முதல் ஆள் ஏற்றியிருந்தால் அது கண்ணை மூடிக்கொண்டு கவிழ்க்க வேண்டிய கை. ஆனால் இருவர் மட்டும் ஆடும்போது இருவருமே எப்போதும் பிளைண்டில்தான் இருக்கிறார்கள். எதிராளி ஏகப்பட்ட கைகளை ஏற்றுவார். ஜாக்-10 எதிரே 5-4 மூன்றில் ஒரு தடவை ஜெயிக்கும், இரண்டு சீட்டும் அடுத்தடுத்தவை, எதிராளியின் சீட்டோடு மோதாதவை. விளிம்பில் நிற்கும் கால்தான். நான் அதைத் தப்பென்று சொல்ல மாட்டேன். ஃபிளாப்பில் கிங்-9-2 வந்திருந்தால் மணிமேக்கர் பணம் வைக்காமல் செக் சொல்லி, ஃபர்ஹா ஒரு பந்தயம் கட்டி, 5-4 கவிழ்ந்து, அடுத்த சீட்டு விநியோகம் ஆகியிருக்கும்.