சட்டையை மாத்துனா போதுமா?

டூரிங் கொட்டகை மணலில் உட்கார்ந்து 'காதலிக்க நேரமில்லை' பார்த்த ராத்திரி இன்னும் ஞாபகத்தில் இருக்கிறது. நாகேஷ் கதை சொல்லச் சொல்ல, பாலையாவின் முகம் போகிற போக்கைப் பார்த்துக் கொட்டகையே குலுங்கியது. பெஞ்சு டிக்கெட், தரை டிக்கெட் என்ற பேதமில்லை. படம் விட்டதும் அவங்க ஊருக்குள்ள போனாங்க, நாங்க ஓடையைத் தாண்டிச் சேரிக்கு வந்தோம். ஒண்ணாச் சிரிச்ச சனம் ரெண்டாப் பிரிஞ்சுச்சு. எதை மறந்ததால் அந்தச் சிரிப்பு ஒன்றாக இருக்க முடிந்தது?

1964-இல் ஸ்ரீதர் எடுத்த இந்தப் படத்தைத் தமிழின் மிகச் சிறந்த நகைச்சுவைப் படம் என்று சொல்கிறவர்கள் உண்டு. அதில் தப்பில்லை. கதை ஏழை, பணக்காரன் கதைதான். எஸ்டேட் முதலாளி விஸ்வநாதன், ஓர் ஏழை இளைஞனை வேலையிலிருந்து நீக்குகிறார். அவன் வீட்டு வாசலிலேயே கூடாரம் போட்டு வேலை கேட்கிறான். போராட்டம் பாட்டாகிறது, பாட்டு காதலாகிறது. முதலாளி மகளை அடைய அவன் கோடீஸ்வரன் மகனாக வேஷம் போடுகிறான். அவனுடைய நண்பன் அந்தக் கோடீஸ்வரத் தகப்பனாகக் கிழவர் வேஷம் போடுகிறான். இதில் உண்மையிலேயே பணக்காரவீட்டுப் பிள்ளை அந்த நண்பன்தான். பணத்தைக் கண்டதும் வளைந்து குழையும் பாலையாவைப் பார்த்து நாம் சிரிக்கிறோம். பணம் மனிதனை எப்படிக் கோமாளியாக்குகிறது என்பதை இதைவிட நன்றாகக் காட்டிய படம் குறைவு.

ஆனால் ஒரு கேள்வி. இந்த வேஷம் ஏன் பலிக்கிறது? பெண்ணைப் பெற்ற தகப்பன் சொத்தைத்தான் பார்க்கிறார். "நீங்க என்ன ஆளுங்க?" என்ற கேள்வி இந்தக் கதைக்குள் ஒரு தடையாக வரவே இல்லை. தமிழ்நாட்டில் சம்பந்தம் பேசுகிற இடத்தில் முதலில் விழுகிற கேள்வி அதுதான் என்பது படம் எடுத்தவர்களுக்கும் தெரியும், பார்த்தவர்களுக்கும் தெரியும். அதை எல்லோரும் சேர்ந்து மறந்தால்தான் கதை நகரும். ஏழை, பணக்காரன் என்ற வித்தியாசம் சட்டையிலும் காரிலும் மட்டும் இருந்தால் அதை இரவல் வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். 1981-இல் கே. பாலசந்தரின் 'தில்லு முல்லு'வில் வேலையில்லாத இளைஞன் முதலாளியை ஒரு மீசையை வைத்தே ஏமாற்றிவிடுகிறான். அங்கேயும் அதே சௌகரியம்.

பட்டணத்தில் நான் வீடு தேடி அலைந்தபோது தேய்த்த சட்டை போட்டிருந்தேன். கையில் உத்தியோகம் இருந்தது, அட்வான்ஸ் பணமும் இருந்தது. வீட்டுக்காரர் நல்லபடியாகத்தான் பேசினார். காப்பி கொடுத்தார். அப்புறம் சொந்த ஊர் எது என்றார், சொன்னேன். "அங்க எந்தத் தெரு?" என்றார். அதற்கு மேல் பேச ஒன்றுமில்லை. என்னிடம் கலைவதற்கு வேஷமே இல்லை, ஆனாலும் கலைந்தது. அந்த நொடியில் எனக்கு ஞாபகம் வந்தது அந்தக் கோடீஸ்வர வேஷம்தான். அவனைக் காப்பாற்றியது ஒப்பனை அல்ல, யாரும் தெருவைக் கேட்காததுதான்.

அந்த எஸ்டேட்டையும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். படத்தில் அது மாளிகை, தோட்டம், டூயட் பாடுகிற இடம். தமிழ்நாட்டு மலைத் தோட்டங்களுக்குக் கூலிகளாக ஏற்றப்பட்டவர்களில் பெரும் பகுதி நம் சனம். அட்டைக் கடியிலும் காய்ச்சலிலும் அவர்கள் செத்ததை, ஆனைமலைத் தோட்டங்களில் டாக்டராக இருந்த பி.எச். டேனியல் 1969-இல் நாவலாகவே எழுதினார். எஸ்டேட் முதலாளியைக் கிண்டல் செய்கிற கதையில் எஸ்டேட்டில் உழைக்கிறவர்களுக்கு இடமில்லை.

அப்படியானால் தமிழ் நகைச்சுவையில் சாதியே இல்லையா? இருக்கிறது, காமெடி டிராக்கில். 1992-இல் வந்த 'சின்னக் கவுண்டர்' பண்ணையாரின் பெருமையைப் பாடுகிற படம். அதில் துணி வெளுக்கிறவராக வருவது கவுண்டமணி. கம்பீரம் நாயகனுக்கு, கோமாளித்தனம் குடிமகனுக்கு. மேலே இருக்கிறவன் சிரிக்க வைத்தால் அது ஆள்மாறாட்டக் கதை, கீழே இருக்கிறவன் சிரிக்க வைத்தால் அவன் தொழிலே நகைச்சுவை. இந்தப் பங்கீட்டை யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும்.

இதற்கு முன்னால் வேறு ஒரு வழி இருந்தது. 1949-இல் கிருஷ்ணன்-பஞ்சு இயக்கிய 'நல்லதம்பி', 1936-இல் வந்த ஓர் அமெரிக்கப் படத்தைத் தழுவி அண்ணா எழுதியது. ஜமீன் சொத்து ஒரு சாதாரண மனிதனுக்கு வந்து சேர்கிற கதை. அதற்குள் என்.எஸ். கிருஷ்ணன் தன் கிந்தனார் காலட்சேபத்தை வைத்தார். நந்தன் தீயில் இறங்கிய பிறகுதான் கோயிலுக்குள் போக முடிந்தது. கிந்தன் ரயிலேறிப் படிக்கப் போகிறான். ரயில் எஞ்சினிலும் தீதான் எரிகிறது. ஆனால் அது அவனை எரிக்காமல் ஊரை விட்டுக் கொண்டு போகிறது. நந்தனை உருகி உருகிப் பாடிய பாகவதர் வடிவத்தையே எடுத்து அதற்குள் கலைவாணர் கலகம் செய்தார். இதிலும் குறை உண்டு. கிந்தன் கதைக்குள் ஒரு கதையாகவே நின்றுபோகிறான், ஜமீன் சொத்தைக் கொடுக்கிற கையும் மேலிருந்து நீளுகிற கைதான். இருந்தும் சாதியை மறக்காமல் சிரிக்க முடியும் என்று அது காட்டியது. பின்னால் வந்தவர்கள் ஆள்மாறாட்டத்தை எடுத்துக்கொண்டு கிந்தனை ரயிலிலேயே விட்டுவிட்டார்கள்.

2021-இல் மடோன் அஸ்வினின் 'மண்டேலா' வந்தபோது கிந்தன் ஞாபகம் வந்தது. யோகி பாபு ஊருக்கு முடிவெட்டுகிறவர். மரத்தடி குடியிருப்பு, பின்வாசல் வழி. அவருக்கு ஊர் வைத்தது பட்டப்பெயர், சொந்தப் பெயரே தெரியாது. தபால் அலுவலகத்தில் கணக்குத் திறக்கப் போய்த்தான் அவருக்கு நெல்சன் மண்டேலா என்று பெயர் கிடைக்கிறது. அந்தப் பெயரில் வந்த ஒரே ஓட்டு ரெண்டு சாதிக்காரர்களையும் அவர் முன்னால் குழைய வைக்கிறது. அவர் பட்டியல் சாதி இல்லைதான். ஆனாலும் அந்தப் பின்வாசல் நமக்குத் தெரிந்த வாசல். 'காதலிக்க நேரமில்லை'யில் இருக்கிற பெயரை மறைத்தால் கோடீஸ்வரன் ஆகலாம். இங்கே பெயரே இல்லாதவன் ஒரு பெயர் பெற்றால்தான் மனுஷன் ஆகிறான். சிரிப்பு அதே சிரிப்புதான், குழைகிறவன் மாறியிருக்கிறான்.

நகைச்சுவையை நாம் விலக்க வேண்டியதில்லை. களைப்பு தெரியாமல் நாற்று நடுகிற நம் பெண்கள் பண்ணையாரை நக்கல் பண்ணாத வயல் ஏது? அந்தச் சிரிப்பு எங்களுக்குத் தெரிந்த சிரிப்பு, அது இன்னும் முழுசாகத் திரைக்கு வரவில்லை. 'காதலிக்க நேரமில்லை'யை டி.வி.யில் போட்டால் இன்றைக்கும் நான் சிரிப்பேன். பாலையா அப்படிப்பட்ட கலைஞர். ஆனால் சிரித்து முடித்ததும், அவர் கேட்காமல் விட்ட அந்தக் கேள்வியை என் பிள்ளைகளிடம் சொல்லாமல் எழுந்து போக மாட்டேன்.