மகனை நடுவில் வைத்த நாவல்

வழிப்பயணத்தைப் பொருளாகக் கொண்ட நாவல்கள் பலவற்றில் ஒரு மரபு உண்டு. புறப்படும்போது இருந்த மனிதன் வேறு, போய்ச் சேரும்போது இருப்பவன் வேறு என்பதே அது. வழியில் கண்டனவும் கேட்டனவும் அவனை மாற்றிவிடுகின்றன. இம்மரபில் தவறொன்றுமில்லை. ஆயினும் உடன் வருபவன் டவுன் சிண்ட்ரோம் உடைய பிள்ளையாக அமைந்துவிட்டால் இம்மரபே எழுத்தாளனுக்குக் குழியாகிவிடுகிறது. மாற வேண்டியவன் ஒருவன், அவனை மாற்றுவதற்கென்றே வண்டியில் ஏற்றப்பட்டவன் மற்றொருவன் என்று கதை பிளவுபடுகிறது. பிள்ளை பிறருக்குப் பாடமாகிறானேயன்றித் தனக்கென ஓர் ஆளாவதில்லை.

1996ஆம் ஆண்டில் வெளிவந்த ‘எட்டாம் நாள்’ என்னும் பெல்ஜியத் திரைப்படம் இதற்குச் சான்று. வேலையே வாழ்வென்றிருந்து குடும்பத்தை இழந்த ஒருவன், காப்பகத்தை விட்டு வெளியேறிய ஜார்ஜ் என்னும் இளைஞனை வழியில் சந்திக்கிறான். இருவரும் காரில் அலைகின்றனர். ஜார்ஜாக நடித்த பாஸ்கல் டுகேன் டவுன் சிண்ட்ரோமுடன் பிறந்தவர். உடன் நடித்த டேனியல் ஓத்தேயுடன் கான் விழாவில் சிறந்த நடிகர் விருதைப் பகிர்ந்துகொண்டார். அவர் நடிப்பில் குறை காண்பதற்கில்லை. குறை கதையில் இருக்கிறது. மற்றவன் தன் மக்களோடு மீண்டும் சேர்ந்த பின் ஜார்ஜ் உயிர் துறக்கிறான். மாடி ஏறியதும் ஏணியை அகற்றுவது போன்ற முடிவு இது. படம் பார்த்தபோது நமக்குக் கண்ணீர் வந்ததை மறைக்கவில்லை; பின்னர்ச் சற்றே வெட்கமும் வந்தது.

இக்குழியில் விழாமல் எழுத இயலுமா என்னும் வினாவுடன்தான் அமெரிக்க எழுத்தாளர் ஜெஸ்ஸி பால் 2018இல் வெளியிட்ட ‘சென்சஸ்’ என்னும் நாவலை நாம் கையிலெடுத்தோம். மனைவியை இழந்த மருத்துவர் ஒருவர் தமக்கு இனி நெடுநாள் இல்லை என்று அறிகிறார். டவுன் சிண்ட்ரோம் உடைய மகனைத் தமக்குப் பின் யார் காப்பார்? விடை தெரியவில்லை. மக்கள்தொகை கணக்கெடுக்கும் பணியொன்றை ஏற்று, மகனையும் அழைத்துக்கொண்டு காரில் வடக்கு நோக்கிப் புறப்படுகிறார். ஊர்களுக்குப் பெயரில்லை, ஆங்கில நெடுங்கணக்கின் முதலெழுத்தில் தொடங்கி இறுதியெழுத்து வரை எழுத்துகளே ஊர்ப்பெயர்கள். எண்ணப்பட்டவரின் விலாவில் பச்சை குத்தி அடையாளமிடுவது அப்பணியின் விதி. மகனுக்கும் பெயர் இல்லை.

நூலின் முன்னுரையில் ஆசிரியர் தம் நோக்கத்தை மறைக்காமல் கூறிவிடுகிறார். அவருடைய அண்ணன் ஆப்ரம் டவுன் சிண்ட்ரோம் உடையவர். 1998இல் தம் 24ஆம் வயதில் மறைந்தார். அண்ணனைப் பற்றி நேரே எழுதுவது கடினமென உணர்ந்த ஆசிரியர், நடுவே வெற்றிடம் வைத்து நூலை அமைத்து, அவ்வெற்றிடத்தில் அண்ணனை இருத்த முயல்கிறார். ஆகவே மகன் எத்தகையவன் என்று கதை வருணிப்பதைவிட, அவன் வாயிற்படியில் வந்து நின்றபோது கதவைத் திறந்தவர்கள் எவ்வாறு நடந்துகொண்டனர் என்பதையே மிகுதியும் காட்டுகிறது. சிலர் அன்புடன் ஏற்கின்றனர். சிலர் கொடுமை செய்கின்றனர். கணக்கெடுப்பவர் தந்தைதான். ஆயினும் ஒவ்வொரு வீட்டையும் அளப்பது மகனின் வருகையே.

எண்ணுதல் என்றவுடன் நம் நினைவு புறநானூற்றின் 28ஆம் பாடலுக்குச் செல்கிறது. உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளிக்கு மக்கட்பிறப்பின் எண்வகை எச்சங்களை அடுக்கிக் காட்டுகிறார். கூனும் குறளும் வரும் அவ்வரிசையில் மருளும் ஒன்று. அங்கே எண்ணியது குறையென்று ஒதுக்குவதற்கே. பெரும்புலவர்தாம், எனினும் இவ்விடத்தில் அவரோடு நமக்கு உடன்பாடில்லை. ‘சென்சஸ்’ நாவலிலோ அத்தகைய பிள்ளை எண்ணுகிறவனின் பக்கத்தில் நிற்கிறான். எண்ணப்படுவோர் மற்றவர்கள்.

இன்னொன்றும் கவனித்தற்குரியது. வாழ்க்கையில் முன்னே மறைந்தவர் அண்ணன். நாவலில் முன்னே மறைய இருப்பவர் காப்பவர். இம்மாற்றம் வெறும் புனைவு உத்தியன்று. 1983 அளவில் அமெரிக்காவில் டவுன் சிண்ட்ரோம் உடையோரின் சராசரி ஆயுள் 25 ஆண்டுகளே. இன்று அது ஏறத்தாழ 60. பிறவி இதயக் கோளாறுகளுக்கு அறுவை மருத்துவம் கிட்டியது இதற்கொரு பெருங்காரணம். பிள்ளை தமக்கு முன் போய்விடுவானோ என்று அஞ்சிய பெற்றோரின் இடத்தில், தமக்குப் பின்னும் இருப்பானே என்று அஞ்சும் பெற்றோர் வந்துள்ளனர். அத்தையும் சித்தப்பாவும் ஆயிரம் கல் தொலைவில் இருக்க, இரண்டு அறை வீட்டில் வாழும் நம்மனோர்க்கு இவ்வச்சத்தை விளக்க வேண்டியதில்லை. இந்நாவலின் பயணம் ஊர் காணும் பயணமாக நமக்குத் தோன்றவில்லை. ஒவ்வொரு கதவும் திறக்கும்போது, ‘இந்த வீடு இவனை வைத்துக்கொள்ளுமா?’ என்று தந்தை சொல்லாமலே கேட்பதாகத் தோன்றுகிறது. விலாவில் இடும் அடையாளத்தின் பொருளைத் தேடி விமரிசகர்கள் உழைத்திருக்கலாம். நமக்கு அது அவ்வளவு முக்கியமாகப் படவில்லை.

இத்தனை பாராட்டிய பின்னும் மனநிறைவின்மை ஒன்று எஞ்சுகிறது. மகன் வளர்ந்துவிட்டவன். ஆயினும் அவனைச் சிறுவனாகவே நினைக்கத் தோன்றுகிறது. இக்கட்டுரையிலும் ‘பிள்ளை’ என்று எத்தனை முறை எழுதிவிட்டோம்! அவன் பேச்சை நாம் நேரே கேட்பது அரிது. தந்தையின் நினைவுகள், தந்தையின் அச்சம், தந்தையின் விடைபெறல் என்று நூல் முழுதும் அவர் குரலே நிறைந்திருக்கிறது. வெற்றிடம் மரியாதையின் அடையாளம் என்பதை ஏற்கிறோம். ஆனால் அந்த இளைஞனுக்கு எந்த ஊரில் இன்னும் ஒருநாள் தங்க விருப்பமிருந்தது? எந்த ஊரை விட்டு விரைவில் போனால் போதுமென்றிருந்தது? வண்டியை நிறுத்தச் சொல்லும் உரிமையை அவனுக்குக் கொடுத்திருந்தால் நாவலின் பாதையே வேறாகியிருக்கலாம்.

பிறரைக் குறை கூறும் தகுதி நமக்கு உண்டா என்பதும் ஐயமே. சில ஆண்டுகளுக்கு முன் தில்லியிலிருந்து ஆக்ராவுக்கு நம் தமிழ்க் குடும்பங்கள் ஒரு பேருந்தில் சென்றபோது, அத்தகைய இளைஞன் ஒருவன் நமக்கு முன்னிருக்கையில் இருந்தான், முப்பதைக் கடந்தவன். “பையன் சாப்பிட்டானா? சன்னல் காற்று ஒத்துக்கொள்ளுமா?” என்று வழிநெடுக அவன் தாயாரிடமே கேட்டுக்கொண்டு வந்தோம். மதுரா தாண்டியதும் அவன் எதையோ கண்டு கண்ணாடியைத் தட்டினான், இருமுறை. பேருந்து நிற்கவில்லை. என்ன கண்டாய் என்று நாமும் அவனைக் கேட்கவில்லை.