ஆரஞ்சுக்கு ஜோடி பஞ்சு

அருப்புக்கோட்டையில் கோடைக்காலத்தில் அதிகம் காதில் விழும் ஆங்கிலச் சொல் 'வாட்டர்'. வாட்டர் கேன், வாட்டர் டேங்க், வாட்டர் லாரி, வாட்டர் பாக்கெட். மானம் பார்த்த பூமியில் தண்ணீர்ப் பேச்சு இல்லாமல் ஒரு நாளும் விடியாது. ஆகவே ரைம் தேடித்தரும் கருவிகளை இந்த ஊரில் வைத்துச் சோதிப்பதென்றால், இந்தச் சொல்லைத்தான் முதலில் தட்ட வேண்டும்.

ஆண்டு விழாவுக்கு ஆங்கிலப் பாட்டு எழுதும் பள்ளி மாணவிக்கும் ராப் எழுதப் பழகும் கல்லூரிப் பையனுக்கும் தெரிந்த கருவி ரைம்ஸோன். டக் பீஃபர்மேன் என்ற அமெரிக்கர் 1996-ல் தொடங்கிய இணையதளம் இது. காசு கிடையாது, விளம்பரம் உண்டு. சொல்லைக் கொடுத்தால் ஒத்த ஓசையுள்ள சொற்களை அசை எண்ணிக்கைப்படி பிரித்துக் கொட்டும். அச்சுப் பிசகாத ரைம் ஒரு பக்கம், கிட்டத்தட்ட ரைம் இன்னொரு பக்கம். அழுத்தம் விழும் உயிரொலியிலிருந்து கடைசிவரை எல்லாம் ஒத்துப்போனால் முதல் வகை. எங்காவது ஓர் ஒலி இடறினால் இரண்டாவது வகை.

வாட்டருக்கு அச்சுப் பிசகாத ஜோடிகள் என்றால் டாட்டர், ஸ்லாட்டர் போன்றவை. மகளும் வெட்டும். பாட்டெழுத உற்சாகம் தரும் ஜோடிகள் என்று சொல்ல முடியாது. நம் ஊர்க்காரர் யாரைக் கேட்டாலும் முதலில் சொல்லும் சொல் வேறு. "வாட்டருக்கு என்னண்ணே ரைம் வரும்?" என்று டீக்கடையில் கேட்டுப் பாருங்கள். "குவாட்டர்" என்று பதில் வரும். கேள்வி முடியும் முன்பே வரும்.

ரைம்ஸோன் இதை அச்சுப் பிசகாத ரைமாக ஏற்காது. காரணம் அதன் அடித்தளத்தில் இருக்கிறது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் உச்சரிப்பு அகராதியை நம்பி ஓடும் கருவி அது. 1,34,000-க்கும் மேற்பட்ட சொற்கள், ஒவ்வொன்றுக்கும் 39 ஒலிக்குறிகளில் உச்சரிப்பு, அழுத்தம் எங்கே என்பதற்கு 0, 1, 2 என்று எண். எல்லாம் அமெரிக்க உச்சரிப்பு. அமெரிக்கர் குவார்ட்டரின் நடுவில் வரும் 'ர்'-ஐ நன்றாக உருட்டுவார். வாட்டரில் அந்த இடத்தில் உருட்ட ஒன்றும் இல்லை. கணக்குப்படி இரண்டும் சேராது. லண்டன்காரரோ அந்த நடு 'ர்'-ஐ விழுங்கிவிடுகிறவர். அவர் வாயில் இரண்டும் கச்சிதமாகச் சேரும். இந்த வழக்கில் அருப்புக்கோட்டை டீக்கடை லண்டன் பக்கம்.

அடுத்து ஆரஞ்சு. ஆங்கிலத்தில் ரைமே இல்லாத சொல் என்று பெயர் வாங்கியது. வேல்ஸ் நாட்டில் பிளாரெஞ்ச் என்றொரு மலை இருப்பதைத் தேடிப்பிடித்துச் சொல்வார்கள். ராப் பாடகர் எமினெம் 2010-ல் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில், வாயை வளைத்துச் சொன்னால் போரிட்ஜ், டோர் ஹிஞ்ச் எல்லாம் ஆரஞ்சுக்குச் சேரும் என்று சொல்லிக் காட்டினார். கிட்டத்தட்ட ரைம் என்ற பிரிவே இப்படிப்பட்ட இக்கட்டுக்குத்தான்.

நம் வாய்க்கு அந்த வளைவெல்லாம் தேவையில்லை. இங்கே அது 'ஆரஞ்சு'. கடைசியில் ஓர் உகரம் ஒட்டிக்கொண்டதும் கதவு திறந்துவிடுகிறது: பஞ்சு, நஞ்சு, அஞ்சு, கெஞ்சு, மிஞ்சு. பருத்தி விளையும் கரிசலில், நூற்பாலை ஊரில், ஆரஞ்சுக்குப் பஞ்சு கிடைப்பதில் என்ன அதிசயம்? வல்லினத்தில் முடியும் ஆங்கிலச் சொல்லோடு உகரத்தைச் சேர்ப்பது தமிழ் நாக்கின் பழைய பழக்கம். லேட்டு, ரேட்டு, கேட்டு என்று சந்தம் தானாக வந்து விழும். 2011-ல் தனுஷ் பாடிய 'ஒய் திஸ் கொலவெறி டி' உலகம் சுற்றியதில் இந்த உகரத்துக்கும் பங்குண்டு. ரைம்ஸோனுக்கு அந்த உகரம் தெரியாது.

இனி தமிழ்க் கருவிகள். ஆங்கிலம் ரைமைச் சொல்லின் வாலில் வைக்கிறது. அதற்கு நம்மிடம் இயைபு என்று பெயர். தமிழ்ச் செய்யுளுக்கு அதைவிடத் தலைதான் முக்கியம்: முதலெழுத்து ஒன்றினால் மோனை, இரண்டாம் எழுத்து ஒன்றினால் எதுகை. எதுகைக்கு இன்னொரு நிபந்தனையும் உண்டு. முதலெழுத்து குறில் என்றால் இரண்டிலும் குறில், நெடில் என்றால் இரண்டிலும் நெடில். சுந்தரர் தேவாரம் பாடிய தலங்களில் நம் திருச்சுழியும் ஒன்று; பதிகத்தில் அதன் பெயர் திருச்சுழியல். அந்த மாதிரிப் பாட்டில் அடிதோறும் ஒன்றிவரும் எதுகையைக் கண்டுபிடிக்க ரைம்ஸோனின் தர்க்கம் உதவாது. அது தப்பான முனையில் தேடிக்கொண்டிருக்கும்.

பாடலாசிரியர் மதன் கார்க்கியின் கார்க்கி ஆராய்ச்சி அறக்கட்டளை உருவாக்கிய எமோனி சரியான முனையிலிருந்து தொடங்குகிறது. சொல்லுக்கு எதுகை, மோனை, இயைபு என்று தேடித்தருவது அதன் வேலை. மெட்டுக்குள் சொல்லை உட்கார வைக்கத் தவித்த ஒருவரிடமிருந்து வந்த கருவி என்பதால், அதன் நோக்கத்தில் குழப்பமே இல்லை.

இதைச் சோதிக்க உள்ளூர் வரைபடமே போதும். அருப்புக்கோட்டை, திருச்சுழி, விருதுநகர்: மூன்றிலும் முதலெழுத்து குறில், இரண்டாம் எழுத்து 'ரு'. ஒரு வட்டத் தலைநகர், இன்னொரு வட்டத் தலைநகர், மாவட்டத் தலைநகர், மூன்றும் ஒரே எதுகை! பருப்பு, செருப்பு, நெருப்பு எல்லாம் இந்த வரிசையில் வந்து சேரும். மல்லாங்கிணறுக்குக் கல்லூரணி கச்சிதம். காரியாபட்டியை நரிக்குடியோடு சேர்க்கப் பார்த்தால் இடிக்கும். ஒன்று நெடில், மற்றது குறில். வீரசோழனோடு சேர்த்தால் கிட்டத்தட்ட வரும்: 'ரி'யும் 'ர'வும் ஒரே வருக்கம்.

இந்தக் 'கிட்டத்தட்ட'வுக்கு நம் யாப்பு நூல்கள் ரைம்ஸோனைவிட நுணுக்கமாகப் பெயர் வைத்திருக்கின்றன. காரியாபட்டி, வீரசோழன் வருக்க எதுகை. வல்லினத்துக்கு வல்லினம், மெல்லினத்துக்கு மெல்லினம் என்று வந்தால் இன எதுகை. நடுவில் ய், ர், ல், ழ் என்ற ஒற்றுகளில் ஒன்று குறுக்கிட்டால் அதைக் கண்டுகொள்ளாமல் விடுவது ஆசிடை எதுகை. ஊர்க்காரரும் பூக்காரியும் அப்படிச் சேர்கிறவர்கள். மோனையிலும் ச-வுக்குத் த, ஞ-வுக்கு ந, ம-வுக்கு வ என்று சலுகை உண்டு. ரைம்ஸோன் இவற்றையெல்லாம் ஒரே கூடையில் போட்டு ஒரே பெயரில் விற்கும்.

மூன்றாவது கருவி அவலோகிதம், வினோத் ராஜன் உருவாக்கியது. இது சொல் தேடித்தருவதில்லை. எழுதியதைத் திருத்தும் வாத்தியார். செய்யுளை ஒட்டினால் அசை, சீர், தளை, தொடை என்று பிரித்து, என்ன பா என்று சொல்லும். வெண்பா எழுதிப் பழகுகிறவர் தளை தட்டிய இடத்தைத் தேடி இரவெல்லாம் விரல்விட்டு எண்ண வேண்டியதில்லை. அகத்தியர் அவலோகிதரிடம் தமிழ் கேட்டார் என்று வீரசோழியம் சொல்கிறது. பெயர் அங்கிருந்து வந்தது. (நம் வீரசோழன் ஊருக்கும் இதற்கும் சம்பந்தம் தேட வேண்டாம்.)

ஆனால் தமிழ்க் கருவிகளுக்கும் ரைம்ஸோனின் நோய் கொஞ்சம் உண்டு. எழுத்தில் இருப்பது 'கண்மாய்'. அதற்கு மண்வெட்டி எதுகை, வெண்கலம் எதுகை. திருச்சுழிப் பக்கம் யாரும் கண்மாய்க்குப் போவதில்லை, 'கம்மா'வுக்குத்தான் போகிறார்கள். கம்மா என்றதும் அம்மா, சும்மா என்று வேறொரு வரிசையே எழுந்து வரும். தன் மல்லாங்கிணற்றுப் பேச்சைக் கவிதைக்குள் கொண்டுவந்த தமிழச்சி தங்கபாண்டியன் போன்றவர்களுக்கு இந்த இரண்டாவது வரிசைதான் வேண்டும். எழுத்தை வைத்துத் தேடும் கருவியிடம் எழுத்தில் ஏறாத ஓசையைக் கேட்க முடியாது.

தீர்ப்பு இதுதான். ஆங்கிலத்தில் ஆங்கிலமாகவே எழுத ரைம்ஸோன் போதும், வேகமானது, இலவசம். குவாட்டர் மாதிரிச் சந்தேகம் வந்தால் திரையை நம்ப வேண்டாம், காதை நம்பலாம். தமிழ்ப் பாட்டுக்கு எமோனி, மரபுச் செய்யுளுக்கு அவலோகிதம். கலப்புத் தமிழில் பாட்டெழுதுகிறவருக்கு இம்மூன்றும் பாதி உதவிதான்.

கருவி செய்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கி. ராஜநாராயணன் தொகுத்த கரிசல் வட்டாரச் சொல்லகராதி 1982-லேயே வந்துவிட்டது. அடுத்த பதிப்பில் அந்தச் சொற்களையும் உள்ளே விடுங்கள். வாசகர்களுக்கு ஒரு வேலை: பந்தல்குடிக்கு எதுகையாக நம் வட்டாரத்திலேயே ஓர் ஊர் தெரிந்தால் எழுதி அனுப்புங்கள்.